அம்மா சொல்லாத ஆமென்

அம்மாவின் ஜெபத்தில் எப்போதும் தங்கைக்குத்தான் முதலிடம். பொன்மலையில் எங்கள் வீட்டில் தினமும் மாலையில், சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு. அப்பா போன பிறகு குடும்பம் என்றால் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா கண்ணை மூடினால் போதும், தங்கை பெயர் வந்துவிடும். அவள் உடம்பு, அவள் பிள்ளையின் படிப்பு, அவள் வீட்டுக்காரரின் வேலை என்று எல்லாவற்றையும் ஆண்டவரிடம் அழுதுகொண்டே விவரமாகச் சொல்வாள். எல்லாம் நான் ஆபீஸ் போன நேரத்தில் தங்கையோடு போனில் பேசி அம்மா தெரிந்துகொண்ட சங்கதிகள். பக்கத்திலேயே உட்கார்ந்து கால் பிடித்துவிடும் எனக்குக் கடைசியில் ஒரே வரி: "இவளையும் ஆசீர்வதியும் ஆண்டவரே." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன், என் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, தங்கை தான் விரும்பியவரோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். என் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் அமையவில்லை. அவளோ ஒரு பஸ் தூரத்தில், ஸ்ரீரங்கத்தில் வீடு, புருஷன், பிள்ளை என்று இருக்கிறாள். அம்மா ஒரே மாதத்தில் அவளை மன்னித்துவிட்டாள். எனக்குச் செய்த துரோகத்தை மன்னிக்க அம்மா யார் என்று கொதித்தேன். "அவ இந்த வாசப்படி ஏறினா நான் இறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா வாதாடவில்லை. அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது, அது எனக்கு நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் ஒரு ஞாயிறு ஆராதனையை நான் விட்டதில்லை. சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுத் திருவிருந்துக்கு வாருங்கள் என்று போதகர் சொல்லும்போதெல்லாம், எனக்குத்தான் சகோதரனே கிடையாதே என்று நினைத்துக்கொண்டு அப்பமும் திராட்சரசமும் வாங்க முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுவேன்.

போன வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் திக்கித் திக்கித்தான் வந்தது. அவள் போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். தங்கைக்குத் தகவல் சொல்லவில்லை. ஜெபம் செய்வதும் என் பொறுப்புக்கு வந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. போதகருக்காக, பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக, மழைக்காகக்கூட ஜெபித்தேன். தங்கையை மட்டும் விட்டுவிட்டேன். முடித்து ஆமென் என்றேன். அம்மா சொல்லவில்லை. கஞ்சியை ஸ்பூனில் நீட்டியும் வாயைத் திறக்கவில்லை. அரை மணி நேரம் கெஞ்சிய பிறகுதான் இரண்டு வாய் குடித்தாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் பொறுமை போய்விட்டது.

"பதினோரு வருஷமா அவளுக்காக அழுது அழுது ஜெபிச்ச. எனக்காக ஒரு நாளாவது அப்படி ஜெபிச்சிருக்கியாம்மா?"

அம்மா என்னையே பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னாள்.

"தினமும்... மனசுக்குள்ள. சத்தமா ஜெபிச்சா... நீ கேட்டுடுவியே."

என்ன ஜெபித்தாள் என்று நான் கேட்கவில்லை. என் கசப்பு தீர வேண்டும் என்றுதான் மன்றாடியிருப்பாள். அதை என் காதுபடச் சொன்னால் வீடு இரண்டாகிவிடும் என்று பயந்திருக்கிறாள். பெற்றவளை ஆண்டவரிடம்கூட வாய்விட்டுப் பேச முடியாமல் வைத்திருந்திருக்கிறேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

பீரோவைத் திறந்து போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டேன். "அம்மா?" என்று பதறினாள்.

"அம்மா இல்ல, நான்தான்."

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அது பொய்.

"அம்மாவுக்கு பக்கவாதம் வந்து படுத்திருக்காங்க. நான்தான் உனக்குச் சொல்லல. எனக்கு இன்னும் உம்மேல கோவம் இருக்கு, பொறாமையும் இருக்கு. நீ அம்மாவைப் பாக்க வா."

அவள் அழுதாள். பிறகு மெல்ல, "நாளைக்குக் காலையில வரட்டுமாக்கா?" என்று கேட்டாள்.

"எதுக்கு நாளைக்கு?" என்றேன். "இப்பவே பஸ் இருக்குல்ல."