ஆள் வராத ஏலத்துக்கு அல்லாஹ் ஆள் அனுப்பினான்

அன்பான சகோதர சகோதரிகளே, ஏலம் கூறிப் பிழைக்கிறவனுக்கு ஆள் வராத ஏலத்தைப் போல அவமானம் வேறில்லை. போன ஷஃபான் மாதம் அந்த அவமானத்தை நான் முழுதாக அனுபவித்தேன்.

திருவண்ணாமலையில் என் அத்தா காலத்திலிருந்து பழைய மரச்சாமான், இயந்திரங்களை ஏலம் விடுகிறோம். கீழ்பென்னாத்தூரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த முருகேசனுக்குப் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்துவிட்டது. வாடகைப் பட்டறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மரம் அறுக்கிற இயந்திரம், இழைக்கிற இயந்திரம் எல்லாவற்றையும் அவர் மனைவி கலா என்னிடம் ஒப்படைத்தார். அதில் வருவதை வைத்துத்தான் கணவருக்கு வைத்தியம். மீதியில் ஒரு இட்லிக் கடை.

"நல்ல விலைக்கு வித்துத் தரேம்மா" என்று வாக்குக் கொடுத்தேன்.

வழக்கம்போல் நாளிதழுக்குப் போனேன். கட்டணம் வருஷா வருஷம் ஏறியதில் என் விளம்பரம் சுருங்கிச் சுருங்கி இரண்டு வரியில் நின்றது. அதை யார் பார்ப்பார்கள்? ஏலத்தன்று பழைய இரும்பு வியாபாரிகள் மட்டும் வந்தார்கள். தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு எடைக்கு எடுக்கிற விலையைக் கேட்டார்கள்.

"பாய், இதுக்கு மேல எவன் வரப் போறான்? மூணு தரம் சொல்லி முடிங்க" என்றார் ஒருவர்.

கலா ஓரமாக நின்று இயந்திரத்தின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏலத்தை நிறுத்திவிட்டேன்.

அன்று மாலை அஸர் தொழுகையில் சஜ்தாவில் தரையில் தலை வைத்தவன் வெகுநேரம் எழவில்லை. "யா அல்லாஹ், இதை வாங்கி உழைக்கிறவன் எங்கேயோ இருக்கிறான். எனக்கு அவனைத் தெரியாது. உனக்குத் தெரியும். அனுப்பி வை" என்று அழுதேன்.

பள்ளிவாசலை விட்டு வெளியே வந்ததும் ஃபோன் அடித்தது. ஆசிரமம் பக்கம் காபிக் கடை நடத்தும் ஜெயந்தி. முந்தைய மாதம் என் ஏலத்தில் ஒரு ஊஞ்சல் எடுத்தவர்.

"பாய், அந்த ஊஞ்சல ஃபோட்டோ புடிச்சு ஆன்லைன்ல போட்டேன். எங்க வாங்குனீங்கனு ஒரே கேள்வி. உங்க நம்பரக் குடுக்கட்டுமா?"

"குடும்மா. அந்த விளம்பரத்துக்குச் செலவு ஜாஸ்தி ஆச்சா?"

"விளம்பரமா? வெறும் ஃபோட்டோ பாய். காசே இல்ல!"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். கண்ணீர் காயவில்லை, பதில் வந்துவிட்டது.

மறுநாள் காலை நானும் என் மனைவி ஷகீலாவும் பட்டறைக்குப் போனோம். முருகேசன் இடது கையால் சுவிட்சைப் போட்டார். மரம் வெண்ணெய் போல அறுபடுவதை ஷகீலா வீடியோ எடுத்தாள்.

"எதெல்லாம் ரிப்பேர் ஆச்சுனு அதையும் சொல்லிடுங்கண்ணா" என்றாள். அவரும் மறைக்காமல் சொன்னார்.

ஜெயந்தி வழிகாட்ட, தச்சர்கள் இருக்கும் குழுக்களில் அதைப் போட்டோம். அக்கம்பக்கத்து மாவட்டத்துத் தச்சர்களின் ஃபோனுக்கு மட்டும் போகும்படி சிறிய விளம்பரமும் செய்தோம். நாளிதழுக்குக் கொடுத்ததில் கால்வாசி கூட ஆகவில்லை.

மறு ஏல நாள் வந்தது. பட்டறைக்கு முன்னால் வேன் நிறுத்த இடமில்லை! ஆரணியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் தச்சர்கள் வந்து இயந்திரங்களைத் தொட்டுப் பார்த்தார்கள். வர முடியாதவர்கள் ஃபோனில் கேட்டார்கள். இரும்பு வியாபாரிகளும் வந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்னே விலை அவர்களைத் தாண்டிப் போனது. கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் விற்றது.

அறுவை இயந்திரத்தை வேனில் ஏற்றும்போது முருகேசன் சொன்னார்: "பாரு கலா, மெஷினாவே எடுத்துட்டுப் போறாங்க. இரும்பா இல்ல."

கலாவும் அழுதார், நானும் அழுதேன்.

இன்று கலாவின் இட்லிக் கடையில் காலையில் கூட்டம் நிற்கிறது. முருகேசனின் விரல்கள் மெல்ல அசைகின்றன. விளம்பரச் செலவு குறைந்துவிட்டதால், கையில் காசு கம்மியாக இருப்பவர்களின் பொருளையும் இப்போது நான் தயங்காமல் ஏலத்துக்கு எடுக்கிறேன்.

சொந்தங்களே, மனம் விட்டு அல்லாஹ்விடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து வேலையைப் பாருங்கள். யார் மூலமாக உதவி வரும் என்று நமக்குத் தெரியாது. எனக்கு ஒரு காபிக் கடைக்காரம்மா மூலமாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ்!