நவநீதன் மணிக்கட்டில் கட்டிய பட்டை

பாப்பிரெட்டிப்பட்டியில் என் தையல் கடைக்கு அடுத்தது நவநீதனின் செல்போன் ரிப்பேர் கடை. இண்டூர்க்காரன். பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், வேலைக்கு உட்காரும்போது வலது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வான். அதிலிருந்து ஒரு ஒயர் எர்த்துக்குப் போகும். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் கரண்டு விரல் வழியாகப் பாய்ந்தால் போனுக்குள் இருக்கும் போர்டு செத்துவிடுமாம். பட்டையின் தகடு தோலில் பட்டுக்கொண்டிருந்தால் அது எர்த்துக்கு இறங்கிவிடுமாம். கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கிறாயே என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வான்.

போன மாசியில் சித்தேரி மலையிலிருந்து கருப்பி என்ற அம்மாள் வந்தாள். மலையில் நியூட்ரல் ஒயர் அறுந்து வீடுகளுக்குள் கரண்டு எக்குத்தப்பாக ஏறியதில் பல்பெல்லாம் வெடித்திருக்கிறது. சார்ஜில் கிடந்த அவள் போனும் போய்விட்டது. அவள் மகள் கலைச்செல்வி ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்தவள், விடுதியில் காய்ச்சல் கண்டு நான்கே நாளில் இறந்துபோனாள். மகள் தன் குரலில் பேசி அனுப்பியதெல்லாம் அந்தப் போனில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை.

நவநீதன் திறந்து பார்த்தான். சார்ஜ் ஏறும் பக்கம்தான் கருகியிருந்தது.

"மெமரி நல்லா இருக்குதுங்கம்மா. புதன்கிழமை வாங்க, பாப்பா கொரல கேக்கலாம்" என்றான். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திங்களன்று மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அவன் வலது கையிலும் மஞ்சள் கிழங்கு வைத்த தடித்த கயிறு. திருவிழா முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. மறுநாள் பழக்க தோஷத்தில் அந்தக் கயிற்றின் மேலேயே பட்டையைக் கட்டினான். தகடு மஞ்சள் கிழங்கின் மேல் உட்கார்ந்திருந்தது, தோலில் படவே இல்லை. இடுப்பில் புதுப் பாலியெஸ்டர் வேட்டி, கீழே பிளாஸ்டிக் நாற்காலி, காய்ந்த வெயில். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கருப்பியின் போன் போர்டைத் தொட்டான். படக்கென்று ஒரு சத்தம். டீ கொடுக்கப் போயிருந்த என் காதிலும் விழுந்தது. அவன் மணிக்கட்டையே பார்த்தபடி இருந்தான். சாயங்காலம்வரை போராடியும் மெமரி உயிர் பெறவில்லை.

புதன்கிழமை கருப்பி ஒரு பை சாமையோடு வந்தாள்.

"கரண்டு மெமரியையும் தின்னுடுச்சுங்கம்மா" என்றான்.

அவள் அழவில்லை. "நாந்தான் தம்பி சார்ஜுல போட்டுட்டுக் காட்டுக்குப் போயிட்டேன். எம்புள்ள கொரல நானே கொன்னுட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தைத்துக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தேன். கடவுள் எனக்கும் ஒரு வாயைக் கொடுத்திருந்தான், அது அன்று சோறு தின்ன மட்டும்தான் உதவியது. அதை நினைத்தால் இன்றும் என்மீதே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

இப்போது அவன் தகடு தோலில் படுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் போர்டைத் தொடுகிறான். கருப்பி சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, போன் கொண்டுவருகிறவர்களிடம் சொல்கிறாள், வெளியே போகும்போது சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், என்னை மாதிரிப் பாவத்தைச் சுமக்காதீர்கள் என்று. நவநீதன் தலையைக் குனிந்துகொள்வான்.

போகும்போது தவறாமல் இதையும் சொல்லிவிட்டுப் போவாள்: "இந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்லீங்க."