மரத்தடியில் நிற்கும் சிப்பாய்

சினிமா என்றால் அகலமாக இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். கையில் இருந்ததோ பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப். அதில் திணறாமல் ஓடியது ஒரே ஒரு பழைய போர் விளையாட்டு. அதைப் பதிவு செய்து, என் குரலையே நாலு விதமாக மாற்றிப் பேசி, படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பெட்டி மாதிரி இருந்த அந்தக் காலத்து மானிட்டர்களுக்காகச் செய்த விளையாட்டு அது. இழுத்து அகலமாக்கினால் சிப்பாய்கள் எல்லாரும் கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்தவர்கள் போல உப்பிப்போனார்கள். மேலும் கீழும் வெட்டினால் தலை போயிற்று.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அம்மா போன் செய்தாள். திருவேங்கடத்தைத் தாண்டி ஒரு பட்டாசு ஆலையில் அவளுக்கு வேலை. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வேப்பமரத்தடியில் பையோடு வைத்துவிட வேண்டும். சாப்பிட்டதும் மற்றவர்கள் கொட்டகைக்குள் போய்விடுவார்கள். அம்மா மட்டும் பின்தங்கி என்னோடு பத்து நிமிடம் பேசுவாள். சாப்பிட்டாயா, மோட்டார் போட்டாயா, அப்பா வந்தாரா, அவ்வளவுதான். அன்று ஒரு காட்சி பதிவாகிக்கொண்டிருந்தது. படம் எடுக்கிறேன், அப்புறம் பேசு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவள் உள்ளே போனாள். வழக்கமாகப் பேசும் அந்தப் பத்து நிமிடம் முடிவதற்குள் கொட்டகை வெடித்தது.

அம்மாவோடு சேர்த்து ஆறு பேர் செத்துப்போனார்கள். வீட்டுக்கு வந்ததைப் பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றார்கள். நாங்களும் பார்க்கவில்லை. போன் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட.

ஒரு வருடம் கழித்து அதே விளையாட்டைத் திறந்தேன். கிறுக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் போட்டிருந்த சின்ன நிரல், காட்சியை இழுக்காமல் இருபக்கமும் விரித்துக் காட்டியது. ராணுவக் கிட்டங்கி ஒன்றைக் கொட்டகை ஆக்கினேன். தள்ளி நின்ற ஒற்றை மரம் வேம்பு ஆயிற்று. அந்த விளையாட்டில் பெண்களே கிடையாது. ஆறு சிப்பாய்கள்தான் அம்மாவும் அவளோடு செத்தவர்களும்.

அதிலும் ஒரு சனியன். புதிதாக விரிந்த ஓரத்தில் யாராவது போய் நின்றால் சட்டென்று மறைந்துவிடுவார்கள். பழைய மானிட்டருக்கு வெளியே யாரும் பார்க்கப்போவதில்லை என்று அந்த விளையாட்டுக்கு நினைப்பு. மரம் அந்த ஓரத்தில்தான் இருந்தது. அம்மாவை அங்கே நிறுத்தினேன்; காணாமல் போனாள். பல நாள் மெனக்கெட்டு, கேமராவை நகர்த்தி நகர்த்தி மரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தேன். ஐந்து பேர் உள்ளே போகிறார்கள். ஆறாவது சிப்பாய் மரத்தடியிலேயே நிற்கிறான், என் குரலில் போன் பேசிக்கொண்டு. கொட்டகை வெடிக்கிறது. அவன் அப்படியே நிற்கிறான். அதை எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பார்க்கிற நேரம் மட்டும் நிம்மதியாக இருந்தது.

அன்று பிழைத்தது ஒரே ஒருவர், எங்கள் தெருவில் இருக்கும் அத்தை. வெளியே களத்தில் வெடிகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு காது போயிற்று. வலது கைத் தோல் இன்னும் இழுத்துப் பிடித்திருக்கிறது. அவரிடம் படத்தைக் காட்டினேன். யாராவது என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது.

கடைசி வரை பார்த்தார். இந்தப் பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் யார் என்று கேட்டார். சொன்னேன். மரத்தடியில் நிற்பவனைத் தொட்டுக் காட்டி, அப்படியென்றால் இது உன் அம்மாவா என்றார். ஆமாம் என்றேன்.

“இப்படி அவ நிக்கலியே மக்கா. ஒடனே வந்துட்டாளே.”

நான்தான் போனை வைத்துவிட்டேன் என்று சொன்னேன். காது கேட்காத பக்கம் உட்கார்ந்திருந்ததால் இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அத்தை திட்டவில்லை. தெரியும் என்று தலையை ஆட்டினார்.

“என்னத் தாண்டித்தான் போனா. எம்மவன் சினிமா எடுக்கான், பேச நேரமில்லங்கான்னு ஒரே சிரிப்பு. அவளுககிட்டயும் சொல்லுதேன்னு வெரசலா உள்ள போனா.”

அத்தை போனபின் படத்தைத் திருத்த உட்கார்ந்தேன். அந்தச் சிப்பாயை மரத்தடியிலிருந்து கொட்டகை வாசல் வரை வேகமாக நடக்க வைக்க வேண்டும். விசையை அழுத்தினால் நடந்துவிடுவான். இன்றுவரை என்னால் முடியவில்லை.