வீட்டைப் பார்த்துச் சொன்ன வார்த்தை

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாய் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேட்டில் போன மழைக்காலத்தில் வெடிப்பு விட்டது. அந்த வெடிப்பு மேட்டிலிருந்து இறங்கி எங்கள் அடுப்பு இருக்கிற குசினிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை.

மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்தார். எங்கள் தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கும் கூட வந்தார். இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள். ஆனாலும் இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டேன்: பொசிபள், ப்ரொபப்லி. அதிகாரி மேட்டைக் காட்டி ஒன்றைச் சொன்னார். திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்து மற்றதைச் சொன்னார்.

“என்னாங்கையா சொல்றாரு?” என்று கண்டாக்கைக் கேட்டேன்.

“மழ பெஞ்சா கவனமா இருக்கச் சொல்றாரு.”

அவ்வளவு நேரம் பேசியதற்கு அவ்வளவுதான் தமிழ்.

“இடிஞ்சு வருமாங்கையா?”

“மேபி,” என்றார். சப்பாத்து மண்ணை எங்கள் வாசற்படியில் தேய்த்துவிட்டு இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார்.

“மேபின்னா இல்லன்னு அர்த்தம் புள்ள. கூரைக்குத் தகரம் கேட்டோம், மேபின்னாங்க. கக்கூசு கேட்டோம், மேபின்னாங்க. எது வந்துச்சு? மண்ணும் அப்பிடித்தான், வராது.”

லயமே அப்படித்தான் நினைத்தது. ஆபீஸ் வாசலில் நின்று நின்று அந்த வார்த்தையை நாங்கள் அப்படித்தான் படித்திருந்தோம். ஆபீஸ்காரர்கள் பழக்கம் மேட்டுக்குக் கிடையாதே என்று நான் மட்டும் நினைத்தேன்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிற மகளுக்குப் போன் எடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் வரும்.

“பொசிபள்னா நடந்தாலும் நடக்கலாம்மா. ப்ரொபப்லின்னா அநேகமா நடக்கும். நம்ம வீட்டப் பாத்து எதச் சொன்னாரு?”

எனக்கு ஞாபகம் வரவில்லை.

“நல்லா நெனச்சுப் பாருங்கம்மா.”

நினைக்க நினைக்க இரண்டும் இடம் மாறின. கொழுந்து பறிக்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் வீட்டுக்குப் பொசிபள்தான் என்று தோன்றும், மூச்சு வரும். மறுநாள் அந்த மனிதரின் முகமே ப்ரொபப்லி என்று சொல்வது போலிருக்கும்.

“எதுவா இருந்தா என்னா, மழ வந்தா கெளம்பிருங்க. அப்பாவயும் இழுத்துக்கிட்டுப் போங்க,” என்றாள் மகள், அடுத்த முறை போன் எடுத்தபோது.

“ஒங்கப்பாவ நீ வந்து இழு.”

அவள் சிரித்தாள்.

மழை பிடித்தால் எதிர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படுக்க ஆரம்பித்தேன். முதல் மழைக்கு நாலைந்து குடும்பம் வந்தது. மேடு அசையவில்லை. அடுத்த மழைக்கு நான் மட்டும்தான். பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி வாசலில் நின்று, “மேபி அக்கா கெளம்பிட்டாங்கடி!” என்று கத்துவாள். பள்ளிக்கூட ஜன்னலில் நின்றால் லயத்து வெளிச்சம் தெரியும். கரண்ட் போய்விட்டால் லயம் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது.

போன வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். குசினிச் சுவரில் வெடிப்பைக் காணோம். வீட்டுக்காரர் எங்கேயோ மிச்சச் சீமெந்து வாங்கி வந்து பூசி வழித்திருந்தார்.

“இனியாவது நிம்மதியா தூங்கு,” என்றார். அவர் விரல்களைச் சீமெந்து தின்றிருந்தது. எனக்காகத்தான் செய்திருக்கிறார். ஏச வாய் வரவில்லை. வெடிப்பு பெரிதாகிறதா என்று தினமும் பார்க்கவாவது முடிந்தது. இப்போது அதுவும் இல்லை.

இன்று பொழுது சாயும்போது பனி மூடி மழை பிடித்தது.

“இன்னைக்கும் போறியா?”

“நீங்களும் வாங்களேன்.”

“பாப்போம்,” என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரோடு இத்தனை வருசம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த வார்த்தைக்கு யாரிடமும் அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. ஒற்றைப் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.