படத்தில் அக்கா பேசியது

என் அக்கா ஒரு கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். டாக்டர் எழுதித் தரும் பவருக்கு லென்ஸை வெட்டி ஃபிரேமில் பொருத்துவதும், வாங்கியவர் முகத்தில் அதைச் சரியாக உட்கார வைப்பதும் அவள் வேலை. "பாக்கறது கண்ணுதான், ஆனா கண்ணாடி நிக்கிறது காதுல" என்பாள். காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி வளைத்து, வந்தவரின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். பஸ்ஸில் யாராவது சரியும் கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டே வந்தால் அவளுக்குப் பொறுக்காது. "சார், கழட்டிக் குடுங்க, ஒரே நிமிஷம்" என்று முன்பின் தெரியாதவரிடம் கை நீட்டுவாள். நான் அவளோடு வராதவளைப் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அக்காவுக்கு வாய் நீளம். எனக்கு அவள் வைத்த பெயர் செவிடி. காது கேட்காமல் இல்லை. போன் அடித்தால் எடுக்க மாட்டேன், அதனால்தான். "எடுத்துத் தொலையேண்டி செவிடி, அது என்ன கடிக்கவா போகுது?" என்றுதான் அவளுடைய ஒவ்வொரு போனும் ஆரம்பிக்கும். நல்ல செய்தி சொல்ல அழைத்தாலும் முதலில் அந்தத் திட்டு வந்தாக வேண்டும்.

கடை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. தினமும் காலையில் படகில் போவாள், சாயங்காலம் படகில் வருவாள். படகு கவிழ்ந்த அன்று காலையில் எங்களுக்குள் சண்டை. அப்பாவைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போ என்றாள். கல்லூரி அலுவலகத்தில் எனக்கு விடைத்தாள் வேலை குவிந்து கிடந்தது, முடியாது என்றேன். "செவிடியா இருந்தது போதாதுன்னு இப்ப குருடியும் ஆயிட்டியா? அவர் சுவத்துல முட்டிக்கிறது உன் கண்ணுல படலையா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் விடைத்தாள்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் அக்கா. காலைச் சண்டையின் மிச்சம் என்று நினைத்து, போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். மறுபடி அடித்தது. மூன்றாவது முறையும் அடித்தது. 'அடிக்கட்டும்' என்று மனதுக்குள் சொன்னேன். சொன்னேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது.

உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உன்கிட்ட ஏதாவது பேசினாளாம்மா?"

"பேசினாப்பா. பயமா இல்லன்னா. உங்களப் பாத்துக்கச் சொன்னா."

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவரால் உட்கார முடிந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்தார். ஒரு பொய்யால் இவ்வளவு நடக்கிறதே என்று அப்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

நாடு முழுக்கத் துக்கம் கேட்டு வந்தது. வந்தவர்களிடமெல்லாம் அப்பா அந்தப் போனைப் பற்றிச் சொன்னார். நான்கு வருஷம் கழித்து, அந்த விபத்தைப் படமாக எடுக்கிறோம் என்று ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். அவளிடமும் சொன்னார். "நீங்கதானே பேசினது?" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தண்ணீர்ச் செம்போடு கதவருகே நின்றிருந்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன். மண்டபத்தில் அப்பாவால் உட்காரக்கூட முடியவில்லை, அங்கே பொய் சொன்னேன், அது வேறு. இங்கே அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தார்.

படம் வந்ததும் எங்கள் வீட்டில் வாதம் தொடங்கியது. சித்தப்பா, "பாக்கணும். நாலு பேர் பாத்தாத்தான் அந்தப் படகுல அத்தன பேர ஏத்தினவனக் கேள்வி கேப்பாங்க" என்றார். அப்பாவுக்கு முடி வெட்ட வீட்டுக்கே வரும் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு, "நம்ம வீட்டுச் சாவ நாமளே டிக்கெட் வாங்கிப் பாக்கறதா?" என்று கேட்டார்.

"நீ மொதல்ல காதப் பாத்து வெட்டுய்யா" என்றார் சித்தப்பா.

நான் சலூன்காரர் பக்கம். படித்தவளாயிற்றே, காரணங்களுக்கா பஞ்சம்? செத்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அடுத்தவர் துக்கத்தை இரண்டரை மணி நேரத்தில் அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றேன். இவையெல்லாம் நல்ல காரணங்கள்தான். இன்றைக்கும் அவை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவற்றில் ஒன்றுகூட என் காரணம் இல்லை. அந்தப் போன் காட்சிக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது சரிதாம்மா. ஆனா அவ கடைசியாப் பேசினத நீ கேட்டுட்ட. நான் கேக்கலையே. ஒரு தடவ கேட்டுக்கறேன்."

அழைத்துப் போனேன். அக்கா எப்போதோ செய்து கொடுத்த பழைய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படத்தில் அக்கா நீளமான கூந்தலும் மெல்லிய குரலுமாக இருந்தாள். படகு சாய்ந்தது. அவள் போனை எடுத்தாள். "கண்ணம்மா, எனக்குப் பயமா இல்லடா. அப்பாவப் பத்திரமாப் பாத்துக்கோ" என்றாள். தியேட்டர் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தம். பக்கத்து இருக்கைப் பெண் விசும்பி விசும்பி அழுதாள்.

அப்பா அழவில்லை. என் பக்கம் குனிந்தார்.

"கண்ணம்மாங்கறாளே. அவ உன்ன அப்படியெல்லாம் கூப்பிடமாட்டாளே?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னிக்கும் செவிடின்னுதானே ஆரம்பிச்சா? எடுத்துத் தொலையேண்டின்னு?"

அவர் முகத்தில் சந்தேகம் இல்லை. ஆசைதான் இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய மகளின் நிஜமான குரல் அவருக்குக் கிடைத்திருக்கும். அந்தத் திட்டை மட்டும் என்னால் பொய்யாகச் சொல்ல முடியவில்லை.

"நான் எடுக்கலப்பா" என்றேன். "மூணு தடவ அடிச்சா. நான் எடுக்கல."

திரையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்தார்.

"அப்ப அவ யார்கிட்டயும் பேசாமலே போயிட்டாளா" என்றார். என்னைக் கேட்கவில்லை.

பக்கத்துப் பெண் எங்கள் இருவருக்குமாகத் தன் கைக்குட்டையை நீட்டினாள். படத்துக்காக அழுகிறோம் என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் சலூன்காரர் வந்தார். அப்பாவின் கழுத்தில் துணியைச் சுற்றியபடி, "நானும் ரோஷமெல்லாம் விட்டுட்டு பாத்துட்டேங்க. அந்த போன் சீன்ல தாங்கல. நெசமாவே உங்க பொண்ணு அப்படித்தான் பேசிச்சா?" என்று கேட்டார்.

நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நான் நின்ற இடம் அவருக்கு வெறும் நிழலாகத்தான் தெரிந்திருக்கும். இந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

"ஆமாய்யா" என்றார். "இவகிட்டதான் பேசினா. கூப்பிட்ட உடனே இவ எடுத்துட்டா."

எனக்குத் தெரிந்து அப்பா சொன்ன முதல் பொய் அதுதான். கத்தரி மறுபடி சத்தம் போடத் தொடங்கியது. அவர் காதைக் காட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டார்.