வாயில் நின்ற தண்ணீர்

என் அத்தாவின் கோபம் கிருஷ்ணகிரிச் சந்தை முழுக்கப் பிரசித்தம். அதைவிடப் பிரசித்தம், கோபம் வந்ததும் அவர் செய்த காரியம். நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும், அப்படியும் தணியாவிட்டால் படுக்க வேண்டும், பிறகு தொழுகைக்குக் கழுவுவதுபோல் கை, வாய், முகம் கழுவி ஒளுச் செய்ய வேண்டும் என்று பள்ளிவாசலில் ஹஜ்ரத் சொன்னதை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். புளி வியாபாரத்தில் பேரம் முற்றும்போது பேச்சை நிறுத்திவிட்டு மூட்டைமேல் மல்லாந்து படுத்துவிடுவார். அது விலையை ஏற்றும் தந்திரம் என்று நினைத்து, ஓசூர்ப் பக்கத்திலிருந்து வரும் கன்னட வியாபாரிகள் அவசரமாக ஓரணா கூட்டிக் கேட்பார்கள்.

உண்மைக் காரணம் வேறு. எனக்கு நிக்காஹ் ஆகும் சமயத்தில்தான் அம்மா அதைச் சொன்னாள். அத்தா கோபத்தில் இரண்டு தடவை அவளுக்குத் தலாக் சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் இத்தாவின் மூன்று மாதக் கெடு முடிவதற்குள் மனம் வெந்து, திரும்ப அழைத்துக்கொண்டார். மூன்றாவதாக ஒரு தடவை அந்தச் சொல் வந்துவிட்டால் அழைத்துக்கொள்ள வழியில்லை. அம்மா காவேரிப்பட்டினத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், நான் அத்தாவிடம் இருக்க வேண்டும். ஊர் அவருடைய பொறுமையை மெச்சியது. அந்தப் பொறுமைக்குக் கீழே அம்மா எப்படிப் படுத்துத் தூங்கினாளோ, எனக்குத் தெரியாது.

எனக்கு ஏழு வயதிருக்கும். கோடை மழைக் காலம். கொட்டை எடுத்த புளியை வாசல் நிறையப் பாய் விரித்துக் காயப்போட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மாவுக்குப் பிரசவ வலி என்று அம்மா ஓடினாள். நானும் பின்னாலேயே போய் அந்த வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தேன். மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது புளி சேறாகக் கிடந்தது. அதன் நடுவில் அத்தா நின்றிருந்தார்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"பக்கத்து வூட்டம்மாவுக்கு வலிங்க. தனியா கெடந்து கத்துனாங்க."

"ஊட்டுப் பொழப்பு நாறுது, உனக்கு ஊரு பிரசவமா?"

எப்போதும் தலையைக் குனிந்துகொள்ளும் அம்மா அன்று குனியவில்லை. "உசுரு பெருசா, புளி பெருசாங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அத்தாவின் உதடு துடித்தது. சட்டென்று உட்கார்ந்தார். அந்தச் சேற்றிலேயே படுத்தார். போதவில்லை. எழுந்து தொட்டியடிக்குப் போனார். அம்மா செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கைகளைக் கழுவி, வாய் கொப்பளிக்கத் தண்ணீரை வாயில் வைத்தவர் அதைத் துப்பவே இல்லை. கன்னம் இரண்டும் உப்பி, கண் சிவந்து, அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயில் தண்ணீர் இருக்கும்வரை வார்த்தை வராது என்று அவர் கண்டுபிடித்திருந்தார், பாவம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு மூச்சு முட்டுகிறதே என்று இரக்கமும் வந்தது. அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"துப்பிடுங்கத்தா. துப்பிட்டு, சொல்ல வந்ததச் சொல்லிடுங்க!"

அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன் அவள் என்னை அடித்ததே இல்லை. அத்தா எங்கள் இருவரையும் பார்த்தார். வாயிலிருந்த தண்ணீரை மடக்கென்று விழுங்கிவிட்டு, புதிதாக ஒளுவைத் தொடங்கினார். முடித்ததும் அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டார்.

புளிக்காக என்னை அடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அத்தாமேல் எனக்குக் கோபமில்லை, எல்லாம் அம்மாமேல்தான். அவள் சோறு பிசைந்து கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கெஞ்சவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அழுதபடி என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இவள் எழுந்து போனால் தேவலை என்றிருந்தது எனக்கு.