முக்கால் கிலோ தாங்காத வாள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. தெருவில் ஒருவருக்கும் அது நினைவில்லை. 'சேரும்' என்று கேட்டால்தான் கடையைக் காட்டுவார்கள். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, அழைப்புமணி ரிப்பேர் செய்யும் கடை. யார் எந்தப் பாகத்தைக் கொண்டுவந்து "இது இதுக்குச் சேருமா?" என்று கேட்டாலும், தலையைக்கூட நிமிர்த்தாமல் "சேரும், சேரும்" என்பார். சேராவிட்டால் சேர வைப்பார். அரமும் சுத்தியலும் பிறகு எதற்கு இருக்கின்றன? அவர் கைபட்ட மிக்ஸியின் மூடியைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர் கையில் வாள் எப்படி வந்தது என்றால், மனைவியால் வந்தது. முழங்கால் வலிக்கு தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். நடப்பது சலிப்பாக இருக்கிறது என்று அந்த அம்மாள் ஐம்பது வயதில் வாள்வீச்சுக் கூடத்தில் போய்ச் சேர்ந்தாள். அண்ணி சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்தால் நாத்தனார் சும்மா இருப்பாளா? சேருமின் ஒரே தங்கை அடுத்த வாரமே முகமூடி வாங்கிவிட்டாள்.

இருவரும் ஆடுவது மின்சார வாள். நுனியில் ஒரு சின்னப் பொத்தான், அதற்குள் ஸ்பிரிங். எதிராளியின் மேல் குத்தினால் பொத்தான் அமுங்கும், வாளோடு வயரால் இணைத்த பெட்டியில் விளக்கு எரியும், ஒரு புள்ளி கிடைக்கும். ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தால் தொட்டதற்கெல்லாம் எரியும் அல்லவா? அதனால் ஆட்டத்துக்கு முன் நடுவர் வாளை நிமிர்த்திப் பிடித்து நுனியில் முக்கால் கிலோ எடை ஒன்றை வைப்பார். பொத்தான் அதைத் தாங்கி மேலே தள்ள வேண்டும். அமுங்கிக் கிடந்தால் அந்த வாள் செல்லாது.

வம்பு எங்கே என்றால், மனைவியின் வாள் ஒரு கம்பெனி, தங்கையின் வாள் இன்னொரு கம்பெனி. பொத்தான், திருகாணி, ஸ்பிரிங் எல்லாம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இதன் திருகாணி அதில் இரண்டு சுற்று சந்தோஷமாகப் போகும், மூன்றாவது சுற்றில் அடம்பிடிக்கும். அடம்பிடித்தால் எண்ணெய் விட்டு முறுக்க வேண்டும் என்பது நம்மவர் சித்தாந்தம். அப்படி முறுக்கிய ஒரு வருடம், மனைவியின் பொத்தான் பாதி ஆட்டத்தில் கழன்று நடுவரின் தேநீரில் விழுந்தது. இன்னொரு வருடம் அவள் தும்மியபோதெல்லாம் விளக்கு எரிந்தது.

அந்த வயதுப் பிரிவில் ஆள் குறைவு. ஆகவே வருடா வருடம் இறுதி ஆட்டம் அண்ணிக்கும் நாத்தனாருக்கும்தான். வருடா வருடம் ஜெயிப்பது நாத்தனார்தான்.

"தங்கச்சி வாளுக்கு நல்ல ஸ்பிரிங், பொண்டாட்டி வாளுக்கு ஓட்டை ஸ்பிரிங். அப்படித்தானே?"

"சத்தியமா இல்லம்மா. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அதாங்க பிரச்சினையே. ரெண்டும் ஒண்ணு இல்ல. வேற வேற கம்பெனி."

இந்த வருடம் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "இந்தத் தடவை என் வாள் காலை வாரிச்சுன்னா, இனிமே நீங்க அதைத் தொடக்கூடாது. கூடத்துக்குத் தூக்கிட்டும் வர வேணாம்."

சேரும் கணக்குப் போட்டுப் பார்த்தார். ரிப்பேர் போனால் போகிறது, தூக்குவது போகக்கூடாது. வாரத்தில் இரண்டு மாலை அவள் வெள்ளை உடுப்பில் முன்னால் நடக்க, இவர் வாளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். முக்குத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். சேருமை உலகம் திரும்பிப் பார்த்தது அந்த இரண்டு மாலைகளில் மட்டும்தான்.

அதனால் இந்த முறை மனிதர் திருந்தினார். இரண்டு வாளையும் கழற்றி, எது எந்தக் கம்பெனி என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, அதற்கதற்கு உரிய ஸ்பிரிங்கையே வரவழைத்தார். அதுவரை எல்லாம் சரி. ஆனால் கழற்றியதையெல்லாம் போட்டுவைத்தது ஒரே பிஸ்கட் டப்பா மூடியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிண்ணம் வையுங்கள் என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு சொன்னதுதான், யார் கேட்டது? போதாததற்கு, மக்கர் செய்த தன் பட்டன் பேனாவையும் பிரித்து அதிலேயே போட்டிருந்தார். முழங்கை பட்டது, மூடி கவிழ்ந்தது, மூன்று ஸ்பிரிங்கும் மேஜை மேல் உருண்டன.

"பார்த்தாலே தெரியாதா என்ன," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டினார். தங்கையின் வாள் மேல் முக்கால் கிலோ சர்க்கரை டப்பாவை வைத்துப் பார்த்தார். கம்பீரமாகத் தாங்கியது. அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஒன்று சரி என்றால் இன்னொன்றும் சரியாகத்தானே இருக்கும் என்று பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார்.

போட்டி நாள். புள்ளி எழுதும் பெண்ணின் பேனா எழுதவில்லை. சேரும் பெருமையோடு தன்னுடையதை நீட்டினார். அவள் பட்டனை அமுக்கினாள். அசையவில்லை. இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினாள். பயிற்சியாளர் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். மூடி தெறித்து மின்விசிறியில் மோதியது.

"என்ன சார், பேனாவுக்குள்ள லாரி ஸ்பிரிங்கா?" என்றாள் அந்தப் பெண்.

சேருமும் சேர்ந்து சிரித்தார். பாதிச் சிரிப்பில் நின்றுபோனார். வாள் ஸ்பிரிங் பேனாவுக்குள் இருக்கிறது. அப்படியென்றால் பேனா ஸ்பிரிங் எங்கே? தங்கையின் வாளைச் சோதித்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

அவர் எழுந்து ஓடுவதற்குள் நடுவர் மனைவியின் வாள் நுனியில் எடையை வைத்துவிட்டார். பொத்தான் உள்ளே போனது போனதுதான். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"இது செல்லாதும்மா. மாத்து வாள் இருக்கா?"

இருந்தது. அதை உதிரிப் பாகத்துக்காகப் போன மாதம்தான் சேரும் உரித்துப்போட்டிருந்தார். முகமூடிக்குள்ளிருந்து அவள் பார்த்த பார்வை வலைக்கம்பிகளைத் தாண்டி வந்து அவரைச் சுட்டது.

"அப்போ ஆட்டம் இல்ல. இவங்க நாத்தனார் ஜெயிச்சதா எழுதிக்கம்மா," என்றார் நடுவர், புள்ளி எழுதும் பெண்ணிடம்.

"எழுதப் பேனா இல்ல சார்," என்றாள் அந்தப் பெண்.

அந்த இடைவெளியில் தங்கை முகமூடியைக் கழற்றினாள். "எழுதவே வேணாம். ஆடாம ஜெயிச்சேன்னு நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட வெளியில சொல்றது? அண்ணி, என் மாத்து வாளை எடுத்துக்கோங்க."

வாளைப் பெட்டியோடு இணைக்கும் வயரின் மூன்று முனைப் பிளக் மட்டும் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி. "சேரும்" என்று சொல்ல அவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார், திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. அண்ணி குத்தினாள், எரிந்தது. மறுபடி குத்தினாள், மறுபடி எரிந்தது. பத்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்துவிட்டாள். சேரும் எழுந்து நின்றுவிட்டார். கட்டிய நாளிலிருந்து அவளை இவ்வளவு சந்தோஷமாக அவர் பார்த்ததில்லை. கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துபோனது.

"என்ன அருமையா எரியுது இந்த வாள். யார்கிட்ட ரிப்பேர் பண்றே?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் அண்ணி.

"ரிப்பேரா? இதை அண்ணன் கண்ணுலயே காட்டினதில்ல. கம்பெனி குடுத்தபடியே வெச்சிருக்கேன்."

மனைவி மெல்லத் திரும்பினாள். தோற்ற வருடங்களை அவள் ஒவ்வொன்றாக எண்ணுவது சேருமுக்குத் தெரிந்தது. அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"அப்போ இன்னைக்கு நான் தோத்ததும் அண்ணனாலதான்," என்றாள் தங்கை. "அவர் ரிப்பேர் பண்ணின வாளோட ஆடினது நான்ல?"

"ஒரு நாளைக்கே இப்படிச் சொல்றியே, நான் இத்தனை வருஷமா ஆடினேன்."

"அடுத்த வாரம் இன்னொரு ஆட்டம் வெச்சுப்போம் அண்ணி. ரெண்டு வாளும் அவர் கைபடாததா இருக்கணும்."

"கண்டிப்பா."

அண்ணியும் நாத்தனாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான். சேருமுக்கு மகிழ்வதா அழுவதா என்று புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வெறுங்கையோடு பத்தடி பின்னால் நடந்தார். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. முன்னால் அவள் ஜெயித்த கோப்பை, முகமூடி, பை, வாள் என்று எல்லாவற்றையும் தானே சுமந்து, ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவ, போராடிக்கொண்டு போனாள். தையல் கடைக்குச் சற்று முன்னால் நின்றாள்.

"ஏங்க."

ஓடிப் போனார். கோப்பையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு அவள் வாளை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கட்டைவிரல் தன்னையறியாமல் நுனித் திருகாணியைத் தேடிப் போனது.

"பிடிக்க மட்டும்தான்," என்றாள் அவள்.

அவர் விரலை மடக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.